இனிப்பு கேட்பது நாக்கா, குடல் பாக்டீரியாவா?

கேள்வி இது: இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் இனிப்புக்கு வாய் நமநமக்கிறது. குடலில் இருக்கும் 'கெட்ட' பாக்டீரியாக்கள் சர்க்கரை கேட்பதால்தான் இப்படி ஆகிறது, இரண்டு வாரம் சர்க்கரையை அடியோடு நிறுத்திப் புரோபயாடிக் (உயிருள்ள 'நல்ல' பாக்டீரியா அடங்கிய) மாத்திரை சாப்பிட்டால் அவை செத்துவிடும் என்று சொல்கிறார்களே, உண்மையா? என்ன செய்தால் குறையும்?

முதலில் சுருக்கமான பதில். குடல் பாக்டீரியாக்களுக்கும் பசிக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் சர்க்கரை வேண்டும் என்று அவை மூளைக்கு ஆணையிடுகின்றன என்பதற்கு மனிதர்களில் நேரடி ஆதாரம் கிடையாது. ஆய்வுகள் அதிகமாகக் காட்டுவது இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை. 'போதும், நிறுத்து' என்ற செய்தியை அனுப்புவதில்தான் பாக்டீரியாக்களின் பங்கு தெரிகிறது. அதாவது ஆக்ஸிலரேட்டரைவிட பிரேக்கில்தான் அவற்றின் கால் இருக்கிறது. அவற்றுக்குத் தீனி குறைந்தால் பிரேக் பிடிப்பது குறைகிறது. அதனால் கெட்டதைப் பட்டினி போடுவதைப் பற்றி யோசிப்பதைவிட, பிரேக் பிடிப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவதைப் பற்றி யோசிப்பதுதான் பயன் தரும்.

'பாக்டீரியா நம்மை ஆட்டி வைக்கிறது' என்ற பேச்சு பரவலாகக் காரணம் 2014-ல் ஜோ ஆல்காக், கார்லோ மேலி, அதீனா ஆக்டிபிஸ் ஆகியோர் 'பயோஎஸ்ஸேஸ்' இதழில் எழுதிய ஒரு கட்டுரை. நமக்கு நல்லதும் பாக்டீரியாவுக்கு நல்லதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே தமக்குப் பிடித்த உணவை நாம் சாப்பிடும்படி அவை சுவை உணர்விகளையோ நரம்புகளையோ மாற்றப் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். பரிணாம நோக்கில் சுவாரஸ்யமான வாதம்தான். ஆனால் அது ஒரு கருதுகோள் கட்டுரை. சோதனை செய்து கண்ட முடிவு அல்ல. கைமாறிக் கைமாறி வந்ததில் அந்த 'லாம்' உதிர்ந்துபோய்விட்டது.

சர்க்கரை விஷயத்தில் இந்த வாதம் இடிக்கும் இடம் ஒன்று உண்டு. உடலில் இருக்கும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-ல் கணக்கிட்டார்கள். அத்தனையும் சேர்ந்து எடை 200 கிராம்தான். இவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. அங்கே ஒரு மில்லிலிட்டருக்கு 10,000 கோடி வரை இருக்கும்; சிறுகுடலின் மேல்பகுதியிலோ சில ஆயிரம்தான். நாம் சாப்பிடும் சாதாரண சர்க்கரை கரைந்து உறிஞ்சப்படுவது சிறுகுடலில். பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது சொற்பம். பிரக்டோஸை ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தாலோ, லாக்டோஸ் செரிக்காதவர்கள் பால் குடித்தாலோ கொஞ்சம் கீழே வழியும். மற்றபடி, தன் வாசலுக்கே வராத பொருளைக் கேட்டு பெருங்குடல் பாக்டீரியா அடம்பிடிக்கிறது என்பது பொருந்தி வரவில்லை. அதன் அன்றாடத் தீனி நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தும், செரிக்காமல் தப்பிய மாவுச்சத்தும்தான்.

விலங்குச் சோதனைகள் என்ன சொல்கின்றன? கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சர்கிஸ் மஸ்மானியன் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நெருக்கமானது. எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைத் துடைத்துவிட்டு, இனிப்பு உருண்டைகளை வைத்தார்கள். பாக்டீரியா இல்லாத எலிகள் இரண்டு மணி நேரத்தில் மற்றவற்றைவிட சுமார் 50 சதவீதம் கூடுதலாகத் தின்றன. வழக்கமான தீனியை வைத்தபோது அந்த வித்தியாசம் இல்லை. பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்ததும் இனிப்பு மோகம் பழைய அளவுக்கு இறங்கியது. கவனியுங்கள்: பாக்டீரியா போனதும் இனிப்பு ஆசை குறையவில்லை, கூடியது. 'கெட்ட பாக்டீரியாவைக் கொன்றால் ஆசை அடங்கும்' என்ற கதைக்கு இது நேர் எதிர்.

பழ ஈக்களில் இன்னும் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். லிஸ்பனில் கார்லோஸ் ரிபெய்ரோவின் குழு, ஈக்களின் உணவிலிருந்து ஓர் அத்தியாவசிய அமினோ அமிலத்தை எடுத்துவிட்டது. உடனே அவை புரதம் நிறைந்த ஈஸ்ட்டைத் தேடி அலைந்தன. ஆனால் குடலில் அசிட்டோபாக்டர், லாக்டோபேசில்லஸ் என்ற இரண்டு வகையும் சேர்ந்து இருந்த ஈக்களுக்கு அந்தத் தேடல் எழவில்லை. ஒன்று மட்டும் இருந்தால் பலன் இல்லை, இரண்டும் வேண்டும். 2017-ல் வந்த இந்த முடிவு ஒரே ஒரு வகை பாக்டீரியாவை மாத்திரையில் அடைத்து விற்பவர்களைக் கொஞ்சம் யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

உணவுத் தேர்வையே மாற்றியதாகக் காட்டிய ஆய்வும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2022-ல் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மூன்று வகைக் காட்டு எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தார்கள்: தாவரம் தின்பது, எல்லாம் தின்பது, ஊன் தின்பது. பிறகு இரண்டு தீனிகளை வைத்து எதை எடுக்கிறது என்று பார்த்தார்கள். மூன்று குழுவும் ஒரே மாதிரி எடுக்கவில்லை. ரத்தத்தில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் அளவும் வேறுபட்டது. வேடிக்கை என்னவென்றால், தாவரம் தின்னும் எலியின் பாக்டீரியாவைப் பெற்றவைதான் புரதம் கூடுதலான தீனியைத் தேடின. 'பழைய வீட்டுக்காரர் தின்றதையே புது வீட்டிலும் கேட்கும்' என்கிற எளிய கணக்கு அங்கேயும் சரிவரவில்லை.

பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நார்ச்சத்து பெருங்குடலுக்கு வந்ததும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கின்றன. அதில் அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. விகிதம் ஏறத்தாழ 60:20:20. குடல் சுவரில் இடையிடையே இருக்கும் எல் செல்கள் இந்த அமிலங்களை உணர்ந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டு ஹார்மோன்களை விடுகின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் மூளைக்கு நிறைவைச் சொல்லும். எடை குறைப்பு ஊசிகள் நடிப்பது இதே ஜிஎல்பி-1 ஆகத்தான். ஆனால் உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைடு பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே 'நார்ச்சத்தே இயற்கையான ஊசி' என்ற விளம்பர வாசகத்தை அப்படியே விழுங்க வேண்டாம். வழி ஒன்று, வலிமை வேறு.

வேறு பாதைகளும் இருக்கின்றன. ஈ.கோலை பாக்டீரியாவின் கிளிப்பி (ClpB) என்ற புரதம், பசியை அடக்கும் நமது ஹார்மோன் ஒன்றின் சாயலில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் தீனி போட்ட 20 நிமிடத்தில் ஈ.கோலையின் பெருக்கம் நின்று அதன் புரதக் கலவை மாறுகிறது. அந்தப் புரதங்களை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை குறைவாகத் தின்றன. சாப்பிட்டு 20 நிமிடத்தில் வயிறு நிறைந்த உணர்வு வருவதற்கு இதுதான் காரணம் என்று பலர் எழுதிவிட்டார்கள். 20 நிமிடத்தில் சாப்பாடு பெருங்குடலை எட்டிக்கூடப் பார்த்திருக்காது என்பதை மறந்துவிட்டு! 2025-ல் டியூக் பல்கலைக்கழகத்தினர் பாக்டீரியா வாலில் உள்ள ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தைப் பெருங்குடல் செல்கள் நேரடியாக உணர்ந்து வேகஸ் நரம்புக்குச் சொல்வதை எலிகளில் காட்டினார்கள். அங்கேயும் விளைவு அதேதான்: தின்பது குறைகிறது.

மனநிலையோடும் பசியோடும் தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் பற்றியும் ஒரு வரி. உடலின் செரட்டோனினில் 90 சதவீதம் அளவுக்குக் குடலில்தான் உண்டாகிறது, அதன் உற்பத்தியைப் பாக்டீரியாக்கள் தூண்டுகின்றன. இரண்டும் சரி. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது.

இனி மனிதர்கள். 10 கிராம் இன்யூலின்-புரோபியோனேட் சேர்மம் (இன்யூலின் என்பது ஒரு வகைத் தாவர நார்ச்சத்து) கொடுத்து 20 ஆண்களை மூளை ஸ்கேனில் படுக்க வைத்து, கலோரி மிகுந்த உணவுப் படங்களைக் காட்டிய ஆய்வு 2016-ல் வந்தது. வெகுமதி உணர்வைக் கையாளும் பகுதிகள் சற்றே அடங்கின; பிறகு வைத்த உணவிலும் சுமார் 10 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உடல் எடை கூடுதலான 59 பேருக்கு 14 நாட்கள், தினம் 30 கிராம் இன்யூலின் கொடுத்தபோதும், தாங்களே 'வேண்டும்' என்று சொன்ன கொழுத்த உணவுகளுக்கு மூளை காட்டிய துடிப்பு குறைந்தது. பிஃபிடோபாக்டீரியா வகைகள் பெருகின. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனை அளவுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஆக, விளைவு இருக்கிறது, மென்மையானது. ஒரே வாரத்தில் ஐஸ்கிரீமைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்ள வைக்கும் ரகம் அல்ல.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லியானவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை மாத்திரையாக 22 உடல் பருமன் உள்ளவர்களிடம் சோதித்தார்கள். அவர்கள் குடல் பாக்டீரியா மாறியது. எடையும் ஜிஎல்பி-1 அளவும் மாறவில்லை. கிளிப்பி புரதத்தை உண்டாக்கும் ஹாஃப்னியா ஆல்வி என்ற புரோபயாடிக்கை, கலோரி குறைத்த உணவோடு சேர்த்து 236 பேரிடம் 12 வாரம் சோதித்ததில், 3 சதவீத எடையாவது குறைந்தவர்கள் 54.9 சதவீதம், அதே உணவோடு மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 41.4 சதவீதம். வித்தியாசம் உண்டு, ஆனால் உணவைக் குறைத்ததன் பங்குதான் பெரிது என்பதை அந்த 41.4 சொல்லிவிடுகிறது. கடையில் கிடைக்கும் பெரும்பாலான புரோபயாடிக்குகளுக்கு இந்த அளவு சோதனைகூட நடந்திருக்காது. மலத்தை அனுப்பினால் 'உங்கள் ஆசைக்குக் காரணமான பாக்டீரியா இது' என்று அறிக்கை தரும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அப்படிக் கண்டுசொல்லும் அளவுகோல் மருத்துவத்தில் இன்னும் இல்லை.

சர்க்கரையை நிறுத்திய முதல் சில நாட்களில் வரும் தலைவலியும் சோர்வும் 'பாக்டீரியா சாவதன் அறிகுறி' என்பதும் ஆதாரமற்றது. மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் உடல் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன் கரையும், அதோடு சேர்ந்து உடல்நீரும் வெளியேறும். இனிப்புப் பானத்தை நிறுத்தியவர் கூடவே கஃபீனையும் நிறுத்தியிருப்பார். தலைவலிக்கு அதுவே போதும்.

சரி, செய்ய வேண்டியது. இரவு ஆசைக்கு இரவில் நார்ச்சத்து சாப்பிட்டுப் பயனில்லை, நேரக்கணக்கு முக்கியம். வாயில் போட்டது பெருங்குடலைச் சேர ஐந்து முதல் எட்டு மணி நேரம் ஆகலாம், நொதித்து அமிலம் உண்டாக அதற்கு மேலும் ஆகும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 20 பேருக்கு மூன்று நாள் முழுப் பார்லி மணிகள் நிறைந்த ரொட்டி கொடுத்து, கடைசியாகச் சாப்பிட்டு 11 முதல் 14 மணி நேரம் கழித்து அளந்தபோதுதான் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் கூடியிருந்தன, பசி குறைந்திருந்தது. எனவே இரவு ஒன்பது மணிக்குப் பிரேக் பிடிக்க வேண்டுமானால் தீனி காலையிலும் மதியத்திலும் போயிருக்க வேண்டும்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், சாப்பிடுவதில் நார்ச்சத்து எத்தனை கிராம் என்று மட்டும் எழுதுங்கள். பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 12, 15 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கிருந்து வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள். முதல் வாரம் காலையில் 40 கிராம் ஓட்ஸ். அதில் 4 கிராம் கிடைக்கும். இரண்டாம் வாரம் மதியம் வேகவைத்த கொண்டைக்கடலையோ பருப்போ 50 கிராம், உடல் ஏற்றுக்கொண்டால் 100 கிராம். 100 கிராமில் 7, 8 கிராம் நார்ச்சத்து இருக்கும். மூன்றாம் வாரம் தோலோடு ஒரு ஆப்பிள் (4 கிராம்), ஒரு கைப்பிடி பாதாம் (30 கிராமில் மூன்றரை). ஒரே வகையை மூட்டையாகச் சாப்பிடுவதைவிட நான்கைந்து வகையாகப் பிரிப்பது நல்லது. வெவ்வேறு நாரை வெவ்வேறு பாக்டீரியா பிடித்துக்கொள்கிறது. இரண்டு நாளில் விட்டுவிட்டால் பலனும் போய்விடும். 2014-ல் வந்த ஓர் ஆய்வில் உணவை மாற்றிய ஓரிரு நாளிலேயே குடல் பாக்டீரியா மாறியது. பழைய உணவுக்குத் திரும்பியதும் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது.

கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். ஒரே நாளில் 12-லிருந்து 30 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு பிரியும், நான்காம் நாள் 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவார்கள். வாயு வருவது நொதித்தல் நடக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டு வாரத்தில் பொதுவாகக் குறையும். குறையவில்லை என்றால் அளவைப் பாதியாக்கி அங்கேயே இரண்டு வாரம் நில்லுங்கள். கடலை, பயறு வகைகளை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பகுதி போய்விடும்.

பொடிகளில் ஒரு குழப்பம் உண்டு. இசப்கோல் தண்ணீரில் கொழகொழவென்று ஊறி வயிற்றை நிரப்பும், மலத்தை இளக்கும். ஆனால் பெருங்குடலில் அவ்வளவாக நொதிக்காது. பாக்டீரியாவுக்குத் தீனி போடுவது உங்கள் நோக்கம் என்றால் அது சரியான பொருள் அல்ல. இன்யூலின் நன்றாக நொதிக்கும், அதனாலேயே நன்றாக உப்பவும் வைக்கும். 2 அல்லது 3 கிராமில் ஆரம்பித்து, வாரத்துக்கு 2 கிராம் கூட்டி, 10 கிராமோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஆய்வில் கொடுத்தார்கள் என்பதற்காக 30 கிராமுக்குப் போக வேண்டாம். இசப்கோல் எடுப்பவர்கள் 5 கிராமுக்கு 250 மில்லி தண்ணீராவது குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையிலேயே அடைக்கலாம். மற்ற மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

தயிர், கெஃபிர் போன்ற நொதித்த உணவுகள்? 2021-ல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் 10 வாரம் செய்த ஆய்வில், நொதித்த உணவை நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் நுண்ணுயிர் வகைகள் கூடின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் அது இனிப்பு ஆசையை அளந்த ஆய்வு அல்ல. சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். அதிலுள்ள புரதம் எப்படியும் பசியைத் தாங்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்து: இரவு இனிப்பு ஆசைக்குப் பாக்டீரியாவைச் சந்தேகிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். முதலாவது தூக்கம். 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது, நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, பசி 24 சதவீதம் கூடியது. குறிப்பாக இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களுக்கு. மேலே பார்த்த மனித ஆய்வுகளில் எதுவும் இரண்டே நாளில் இந்த அளவைக் காட்டவில்லை. இரண்டாவது, ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-ல் 20 பேரை இரண்டிரண்டு வாரம் வைத்துப் பார்த்ததில், அந்த உணவில் இருந்தபோது அவர்கள் தாமாகவே தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மூன்றாவது பழக்கம். தினமும் அதே நேரம், அதே நாற்காலி, அதே திரை என்றால் மூளைக்கு மணி அடிக்கப் பாக்டீரியா தேவையில்லை.

பிரித்தறிய ஒரு நோட்டுப் போதும். ஆசை எழும்போது நான்கு விஷயம் குறியுங்கள்: மணி என்ன, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இப்போது வேகவைத்த பயறு கொடுத்தால் சாப்பிடுவீர்களா. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் அது பசி. இரவுச் சாப்பாட்டில் புரதமும் அளவும் போதவில்லை. 'சாக்லேட் மட்டும்தான்' என்றால் ஆசை. குறைந்த தூக்கத்துக்கு மறுநாள் மட்டும் வருகிறதா, எல்லா நாளும் ஒரே மணிக்கு வருகிறதா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நான்கு வாரம் பாருங்கள். தூக்கம், நார்ச்சத்து, புரோபயாடிக் எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே மாத்திரைக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சிலருக்கு இந்த வழி பொருந்தாது. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்கு இன்யூலினும் பயறும் வலியைக் கிளப்பலாம். குடலில் ஏதாவது ஓர் இடம் குறுகிப்போயிருப்பவர்கள் நார்ச்சத்தைக் கூட்டவே கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாடிக் தொடக் கூடாது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு வியர்வை, நடுக்கத்தோடு இனிப்பு ஆசை வந்தால் அது ரத்தச் சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். ஆராய்ச்சி செய்யாமல் உடனே அளந்து, குறைவாக இருந்தால் இனிப்புச் சாப்பிட வேண்டும். ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை தொடர்ந்து இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கக்கூடும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, ஓலான்சபின், மிர்டாசபின் போன்ற மருந்து தொடங்கியபின் பசி கூடியிருந்தால் அதை எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டுப்பாடு கைவிட்டுப்போய் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டு, பிறகு குற்ற உணர்வில் தவிப்பது வாரம் ஒருமுறையாவது நடக்கிறதென்றால், நார்ச்சத்துக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அங்கே கடுமையான உணவுக் கட்டுப்பாடு நிலைமையை மோசமாக்கும்.